ஜாவாவையும் உள்ளே வைத்துக் கொடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, பத்மாவதி அவர்களின் கணவர் போனில், "அவங்க போயிட்டாங்க சார்" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். முட்டாள்தனம்தான். மனசு அப்படித்தான் கேட்டது.

ஆரணியில் நானும் பத்மாவதியும் சேர்ந்து நடத்திய சின்ன நிறுவனத்தில் மென்பொருள் எழுதுவது நான். அதை வாடிக்கையாளர் வீட்டில் ஓட வைப்பது அவர். தினமும் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட இளையவர். ஆனாலும் எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம் உண்டு.

டெலிபோன் ஒயரில் இணையம் ஊர்ந்து வந்த காலம். பட்டுச்சேலை பார்டரைத் திரையில் கட்டம் கட்டமாக வரைய, ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு மென்பொருள் எழுதினேன். அது ஓடுவதற்கு ஜாவாவும் தனியாகக் கணினியில் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சிடியில் போட்டு விற்றதை வாங்கிய முதல் ஆள் முள்ளிப்பட்டு கோவிந்தன். பல வீட்டுத் தறிகளுக்கு வேலை கொடுப்பவர்.

இரண்டாம் நாளே போன் செய்தார். "இன்னா சார், ஜாவா இல்ல, ஜாவா இல்லன்னு சொல்லிகினே கீது. அது எந்தக் கடையில கிடைக்கும்? கல்யாண ஆர்டரு, தறிங்க சும்மா கிடக்குது. நாளைக்கு ஓடலன்னா சிடிய எடுத்துகினு போயிடுங்க."

அவர் திருப்பிக் கொடுத்தால் ஊரில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். கடையைச் சாத்த வேண்டியதுதான். நானோ போனை வைத்துவிட்டு, "இறக்கத் தெரியாதவருக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"சட்டைய தெச்சிக் குடுத்துட்டு, பட்டன மெட்ராஸ்ல போயி வாங்கிக்கன்னு சொல்றீங்க சார்" என்றார் பத்மாவதி.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து ஜாவாவையும் அதே சிடியில் சேர்த்தார். அளவு பெருத்துவிட்டதென்று முனகினேன். "பெருக்கட்டும். அவருக்கு ஓடணும், அவ்ளோதான்."

மறுநாள் முள்ளிப்பட்டில் கோவிந்தன் தடுமாறியதும் நான் மவுஸைப் பிடுங்கப் போனேன். "கைய எடுங்க சார். எங்க தடுமாறுறாருன்னு பாக்கணும்" என்று பத்மாவதி அதட்டினார். எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று சிடி கேட்ட இடத்தில்தான் கோவிந்தன் திகைத்து நின்றார். ஒருவழியாக டிசைன் திறந்தது. அன்றைக்கே தறிகளுக்கு வேலை போனது. ஆபீசுக்குத் திரும்பியதும் பத்மாவதி அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார். அதன்பிறகு எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து, இப்படியே ஒவ்வொரு கேள்வியாக எடுத்தார். சிடியைப் போட்டால் போதும் என்றாகிவிட்டது.

நேற்று துக்க வீட்டில் கோவிந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன மாசம் புது கம்ப்யூட்டர் வாங்கினேன் சார். சிடிய நானே போட்டேன், ஜல்தியா ஓடிச்சி. யாரையும் கூப்பிடல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கனா ஒரு எடத்துல மாட்டிகினு இருந்தா, பத்மாவதி அம்மாகிட்ட ஒரு தபா பேசியிருப்பேனே!"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. போய் வாருங்கள் பத்மாவதி.