காருக்குப் போட்ட மாட்டூசி

போர்க்காலப் பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலம். எங்கள் பழைய காரைப் பெற்றோல் சில துளி விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் நிறைமாதக்காரி, மருமகன் வெளிநாட்டில். எங்கள் ஊரான சண்டிலிப்பாயிலிருந்து பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக வேறு வழியில்லை.

அந்த நேரம் பார்த்து, குறுகிய ஒழுங்கையின் முடக்கில் திருப்பிய ஸ்ரியரிங் கிறீச்சிட்டு இறுகியது. மீளவேயில்லை. கார் பனையோலை வேலிக்குள் முகத்தைக் கொடுத்து நின்றது. நல்ல வேளை, நான் தனியாகத்தான் போயிருந்தேன். அயலவர்கள் காரைத் தள்ளி வந்து வீட்டில் விட்டார்கள்.

கார் திருத்தும் கராச் வைத்திருந்தவர் வந்து குனிந்து பார்த்தார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் பந்துபோல ஒரு மூட்டு. ரப்பர் உறை போட்டு மூடியே செய்தது. கிறீஸ் அடிக்கத் துவாரமில்லை. உள்ளே காய்ந்துவிட்டது.

“புதுசுதான் போடோணும் மாஸ்ரர். அது கொழும்பிலையிருந்து வாறதுக்குள்ளை உங்கடை பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்,” என்றார். “மாட்டூசியாலை ரப்பரிலை குத்தி ஏத்திப் பாருங்கோ.” தன்னிடம் மிஞ்சியிருந்த கிறீஸில் ஒரு நெருப்புப்பெட்டி நிறைய வழித்துத் தந்தார்.

மாட்டுக்கு மருந்தேற்றும் ஊசியைப் பக்கத்து வீட்டில் வாங்கினேன். கிறீஸ் அதில் இறங்கவில்லை. ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்தேன்.

“இஞ்சாருங்கோ, அது பிள்ளைப்பெத்தவளுக்கெண்டு வைச்சது!” என்றாள் மனைவி.

“முதல் கார் ஓடட்டும்.”

காரை உயர்த்திக் கல் அடுக்கி, சாக்கில் படுத்து, ஊசியைக் குத்தினேன். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டேன். உறை தவளைத் தொண்டைபோல உப்பியது, மூட்டோ அசையவில்லை. கிறீஸ் உறைக்குள்ளேயே நின்றுவிட்டது. உறை வெடித்தால் எல்லாம் வீண்.

“ஆராவது ஸ்ரியரிங்கை மெல்லத் திருப்புங்கோ!”

கார்க் கதவு திறந்தது. ஏறியிருந்தவள் மகள்.

“இறங்கு பிள்ளை!”

“சும்மா படுங்கோ அப்பா. எனக்குப் போடமுதல் காருக்கு ஊசி போட்டிட்டியள். மருத்துவிச்சி நான்தான்.”

வயிறு ஸ்ரியரிங்கில் முட்ட, இடமும் வலமும் திருப்பினாள். நான் உறையை விரலால் பிசைந்தேன். கிறீச்சொலி முனகலானது. உப்பல் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அரை மணித்தியாலத்தில் சத்தம் ஓய்ந்தது. ஊசித் துவாரத்துக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டுப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை அவளுக்கு நோவு கண்டது. பின்னால் தாயைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள். என் காதோ ஒவ்வொரு முடக்கிலும் முன்சக்கரத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கடைசித் திருப்பம். ஒரு முனகலும் இல்லாமல் கார் திரும்பியது.

“அப்பா, இப்ப கத்திறது நான் மட்டும்தான்,” என்றாள் மகள், மூச்சு வாங்கியபடி.

பின்னேரம் பேத்தியைக் காட்டினார்கள். வாங்கக் கையை நீட்டினேன். நகக்கண்ணில் இன்னும் கிறீஸ்.

“கழுவிப்போட்டு வாங்கோ,” என்றாள் மனைவி.

அவள் பேச்சைக் கேட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் எழும்பிப் போனது அன்றைக்குத்தான்.