பங்கு வீட்டில் ஒரு விசேஷம்

பஸ் டிப்போவில் அவருக்குப் 'பங்காளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்க மாட்டார்களா பின்னே? முழு வீடு வாங்க வக்கில்லாத மனுஷன், செல்போன் ஆப் ஒன்றின் வழியாக ஒரு வீட்டில் எட்டில் ஒரு பங்கை வாங்கிவிட்டு, டிப்போ முழுக்க இனிப்பு கொடுத்தால் சும்மா விடுவார்களா?

"உன் பங்கு எந்தப் பக்கம்? சமையலறையா, கக்கூஸா?" என்று கேட்டார் கண்டக்டர்.

பங்காளி அசரவில்லை. "பஸ் மாதிரிதான்யா. என் ஷிஃப்ட்ல நான்தான் டிரைவர். முடிஞ்சா சீட்டைத் துடைச்சு அடுத்த ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

ஏற்பாடும் ஏறக்குறைய அதுதான். யார் எப்போது தங்குவது என்று ஆப் முறை போட்டுக் கொடுக்கும். அவசரம் என்றால் இன்னொரு பங்குக்காரரிடம் முறையை மாற்றிக் கேட்கலாம். அவர் சரி என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் யார், எவர் என்று ஆப் காட்டாது. ஒன்றாம் பங்கு, இரண்டாம் பங்கு என்று வெறும் எண்தான். ஒரே வீட்டின் சொந்தக்காரர்கள், எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. இந்தக் கூத்து வேறெங்காவது உண்டா?

அவர் மனைவி தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். கல்யாணமானதிலிருந்து குடியிருந்ததெல்லாம் வாடகைக்கு, அதுவும் பகலிலேயே விளக்குப் போட வேண்டிய பின்பக்க அறைகளில். பங்கு வீட்டில் விடிந்த முதல் காலையில், ஜன்னல் வழியாகக் கட்டில் முழுக்க வெயில் விழுந்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை.

"காப்பி கிடையாதா இன்னைக்கு?" என்றார் இவர்.

"நீங்களே போட்டுக்கங்க. இது என் வீட்டு வெயில். போற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."

இவர்கள் முறைக்கு முந்தின முறை எப்போதும் மூன்றாம் பங்குடையது. அந்த முகம் தெரியாத ஆளைப் பற்றி அவளுக்கு ஓயாத ஆராய்ச்சி. "அடுப்பு பத்த வெச்ச தடமே இல்லீங்க. பாவம், தூங்கறதுக்குன்னே வருது போல." தாங்கள் கிளம்பும்போது அடுத்து வருபவர்களுக்காகப் படுக்கை விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டுத்தான் வருவாள்.

அப்படி இருந்தவளுக்கு வயிற்றில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்து, கடைசியில் டாக்டர் இவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இனி மருந்து கேக்காது. நாளும் அதிகமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நிம்மதியா வெச்சிருங்க."

அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "எந்த வீட்டுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஆசைப்பட்டது அந்தக் கட்டிலுக்கும் அந்த ஜன்னலுக்கும்தான். ஆனால் அடுத்த முறை மூன்றாம் பங்குடையது. தங்கள் முறை வரும்வரை அவள் தாங்க மாட்டாள்.

போனை எடுத்தார். முறை மாற்றக் காரணம் என்ன என்று ஆப் கேட்டது: சுற்றுலா, வேலை, விசேஷம், உடல்நலம். அவர் விரல் உடல்நலத்துக்குப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. சாகப் போறவளுக்குன்னு தெரிஞ்சா யாரு கொடுப்பாங்க? அதே கட்டில்ல நாளைக்கு அவங்க படுக்க வேணாமா? விசேஷம்னு போடுங்க. சந்தோஷமான காரியம்னா யாருக்கும் மனசு இளகும்."

"என்ன விசேஷம்னு கேட்டா?"

"கல்யாண நாள்னு சொல்லுங்க. எனக்கென்ன, இன்னொரு தடவை கட்டிக்கிறேன்."

அந்த நிலையிலும் சிரித்தாள் பாவி. அவரும் சிரித்துக்கொண்டே விசேஷம் என்பதை அழுத்தினார்.

மறுநாள் பதில் வந்தது. 'மன்னிக்கவும், இந்த முறை விட்டுக்கொடுக்க முடியாத நிலை. விசேஷம் சிறப்பாக நடக்க வாழ்த்துகள்!' கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

உண்மையை எழுதிக் கேட்டுவிடலாமா என்று நாலு வரி தட்டினார். நேற்று விசேஷம் என்று சொன்னவன் இன்று சாவு என்றால் எவன் நம்புவான்? அழித்துவிட்டார். அந்த வாரமே, வாடகை அறையில், பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் கீழே அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த மூன்றாம் பங்கைத் திட்டித் திட்டித்தான். அந்தக் கோபம் இல்லையென்றால் மனுஷன் படுத்த படுக்கையாகியிருப்பார்.

அவர் முறை வந்தது. அவளுடைய துணிகளைத் தங்கள் பங்குக்கென்று ஒதுக்கியிருந்த அலமாரியிலிருந்து எடுத்து வரத்தான் போனார். கதவு திறந்திருந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி பையோடு வெளியே வந்தாள்.

"நீங்க நாலாம் பங்குதானே? மன்னிச்சிக்கங்க, அசந்து தூங்கிட்டேன். நான் மூணாம் பங்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்களுக்கு இல்லேன்னு சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு ஐயா. வார்டுல ஓய்வே இல்லாம வேலை. நான் நர்ஸ். விசேஷம்தானே, வேற நாள்ல வெச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். நல்லபடியா நடந்துச்சா? உங்க வீட்டம்மா வரலையா?"

"அவ தவறிட்டாம்மா."

"ஐயோ! எப்போ?"

"நாங்க கேட்ட அந்த வாரம். இங்க வந்து படுக்கணும்னு ஆசைப்பட்டா. நிஜத்தைச் சொன்னா தர மாட்டீங்கன்னு பயந்து விசேஷம்னு போட்டோம்."

பை அவள் கையிலிருந்து நழுவியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஐயா? கடைசிக் காலத்துல இருக்கறவங்களைப் பார்த்துக்கற வார்டுதான் எனக்கு. தினம் அதைத்தானே செய்யறேன். வீட்டைக் கொடுத்துட்டு, நானே பக்கத்துல இருந்திருப்பேனே!"

இத்தனை நாளும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்த கோபத்துக்கு இப்போது போக இடமில்லை. அவரும் அதே படியில் சரிந்தார். உள்ளே கட்டில் முழுக்க வெயில் விழுந்திருந்தது. வீட்டின் சொந்தக்காரர்கள் இருவரும் வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.