மூக்கில் வைக்க மறந்த ஈயம்

"முன்னால ஏத்த வேண்டிய இரும்புப் பெட்டி ஷெட்லயே கிடக்குதாமே, மூக்கண்ணா?"

கேன்டீன்காரர் தேநீரை வைத்துக்கொண்டே கேட்டார்.

"யார் சொன்னா?"

"நான் பாக்கல. சரக்கு இழுக்குற டிராக்டர்காரர் சொன்னதா வெளியில பேசிக்கிறாங்க. நாலு வாய் தாண்டி வந்த சேதி."

சரக்கு விமானத்தில் எந்தப் பெட்டி எங்கே ஏற வேண்டும் என்று எடைக்கணக்குப் போடுவது மூக்கண்ணன் வேலை. மூக்கில் பாரம் குறைந்தால் வால் தாழும். பிறகு விமானம் விமானியின் பேச்சைக் கேட்காது. புதிதாக வருகிறவர்களை எல்லாம் "மூக்கப் பாத்தியா?" என்று குடைந்து குடைந்தே மூக்கண்ணன் ஆனவர், இன்று அவரே பார்க்கவில்லை. கொட்டுகிற மழை. "ஏத்தியாச்சுண்ணா" என்றார்கள் சரக்கு ஏற்றுகிறவர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தேநீரைத் தொடாமல் எழுந்தார். ஷெட்டை நோக்கிய நடை பாதியிலேயே ஓட்டமானது.

பதினொரு வயதில் ஒட்டிய முதல் பிளாஸ்டிக் பொம்மை விமானம் கூடவே ஓடிவந்தது. உடலின் இரு பாதிகளை ஒட்டுமுன் மூக்குக்குள் எடை வைக்கவும் என்று செய்முறைத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தூண்டில் ஈயக்குண்டு மூன்றைத் தீப்பெட்டியில் எடுத்தும் வைத்திருந்தார். ஆனால் கைக்கு அவசரம். பசை காய்ந்து, சக்கரம் மாட்டி மேசையில் வைத்தால், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. தீப்பெட்டியை ஆட்டினார். கலகலத்தது.

பிரித்தால் உடையும். விமானத்தை ஓர் அட்டைமேல் நிறுத்தி, முன்சக்கரத்தை அதோடு ஒட்டிவிட்டார். அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா மட்டும் குனிந்து பார்த்தாள்.

"ஈயம் வெச்சியாடா?"

"வெச்சேன்."

அக்கா ஒரு விரலால் நெம்பினாள். பசை விட்டது, வால் டொக்கென்று இடித்தது.

"குத்தவெச்சு உக்காந்திருக்குப் பாரு, உன் ஏரோப்ளேன்! நீ ஒட்டினது சக்கரத்தை இல்லடா, பொய்யை."

அதற்குப் பிறகு ஒட்டிய பதினாறு விமானங்களுக்கும், அக்கா வந்து மூக்கைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பசைக்குழாயைத் திறந்தார்.

ஷெட்டில் பெட்டி இருந்தது. இரண்டு டன். பக்கவாட்டில் அவர் கையாலேயே சுண்ணக்கட்டியில் எழுதிய 'முன்'.

வெளியே, மழைக்குள் விளக்குச் சிமிட்டியபடி விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே நாலு பேர்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த கேன்டீன்காரர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, அவ்வளவு பெரிய விமானம். ஒரு பெட்டியில என்ன ஆயிடப்போகுது? பேசாம இருந்துடுங்க. ரிட்டயராக ரெண்டு வருஷம்கூட இல்ல. வாயத் திறந்தா வேலை போயிடும்."

"பேசாமதான் அன்னிக்கு ஒட்டினேன்" என்றார். கேன்டீன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

சுவரில் தொங்கிய போனை எடுத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் எண்ணை அழுத்தினார். விரல் நழுவியது, மறுபடி அழுத்தினார். சொல்ல வேண்டியதை உதடு ஒத்திகை பார்த்தது: 'என் தப்பு. மூக்குல பாரம் இல்ல. நிறுத்துங்க.'

மறுமுனையில் மணி அடித்தது. ஓடுபாதையின் முனையில் விமானம் மெல்லத் திரும்பி நேராக நின்றது.

"எடுங்கய்யா" என்றார் மூக்கண்ணன்.

ஐந்தாவது மணி. ஆறாவது.