மோதிரம் ஏறாத விரல்

கொழும்பில் ஒரு பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் சம்பளத்துக்குக் கோல் காக்கப் போன ஆறாவது வருடம் எனக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். மாத்தளையில், எங்கள் வீட்டிலேயே. மாப்பிள்ளை ரத்தோட்டையில் மருந்துக்கடை வைத்திருந்தவர்.

என் மோதிர விரல் இரண்டு தடவை முறிந்தது. மூட்டு பருத்து, கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அம்மாவின் விரல் அளவைக் கொடுத்திருந்தேன். சபையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மோதிரம் மூட்டோடு நின்றுவிட்டது.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டாங்க" என்றார் அத்தை, மாப்பிள்ளையின் அம்மா. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். மாப்பிள்ளை விடவில்லை. வலிக்குமோ என்று பயந்தவர்போல மூட்டை மெதுவாகத் தடவினார்.

"எப்புடி ஒடைஞ்சுச்சு?"

"மொத தடவ பெனால்டியில. அடுத்தது கம்பத்துல அடிபட்டு."

"பெனால்டிய புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சிட்டேன்."

"அப்ப சரி" என்று சிரித்தவர், மோதிரத்தை என் சுண்டு விரலில் போட்டுவிட்டார். அத்தைக்கு முகம் சரியில்லை. அம்மா அவசரமாகப் பலகாரத் தட்டை நீட்டினார்.

புறப்படும்போது வாசலில் அவரிடம் சொன்னேன்: "கல்யாணத்துக்குப் பொறகும் நான் வெளையாடுவேங்க."

"வெளையாடுறப்ப மோதிரத்த கழட்டணும்தானே? எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

அதன்பிறகு நான்கு வருடம் விளையாடினேன். கடையைப் பூட்டிவிட்டு வர முடிந்த நாட்களிலெல்லாம் கோலுக்குப் பின்னால்தான் வந்து உட்காருவார். நான் பந்துக்குப் பாயும்போதெல்லாம் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு அவரும் எழுந்துவிடுவாராம். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.