சொருகாத ஜாய்ஸ்டிக்

என் கல்யாணத்தன்று பந்தியில் வைத்து என் அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு கதை சொன்னான். இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கதை என்னைப் பற்றியதுதான். கேட்டுவிட்டு என் மாமனார் சிரித்த சிரிப்பில் புரையேறித் தண்ணீர் குடித்தார். அந்தச் சிரிப்பை ஒன்பது வருடம் மனசில் வைத்திருந்தேன்.

கதை இதுதான். எனக்குப் பத்து வயது, அவனுக்குப் பதிமூன்று. அடம்பிடித்து அழுது, டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை அப்பாவிடம் வாங்கினான். கூட இரண்டு ஜாய்ஸ்டிக். ஒருத்தனை ஒருத்தன் குத்தி விழத்தட்டும் சண்டை விளையாட்டு. சிவப்புச் சட்டைக்காரன் அவனுக்கு, பச்சைச் சட்டைக்காரன் எனக்கு. கோடை லீவு முழுக்க ஆடினோம். நான் அமுக்க அமுக்கப் பச்சை குதித்தான், குத்தினான், சில நாள் ஜெயிக்கவும் செய்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். ஆடி மாதக் கோவில் கொடைக்குச் சொந்தபந்தம் வீட்டில் நிறைந்திருந்த மத்தியானம், நான் ஜெயித்துக் கையைத் தூக்கின நேரத்தில், அண்ணன் டிவிக்குப் பின்னால் கையை விட்டு என் ஜாய்ஸ்டிக்கின் வயரை இழுத்து எல்லார் முன்னாலும் தொங்கவிட்டான். அது பெட்டியில் சொருகியிருக்கவில்லை. லீவு தொடங்கின நாளிலிருந்தே சொருகியதில்லை. பச்சைச் சட்டைக்காரனைப் பெட்டியே ஆட்டியிருக்கிறது. அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நான் டம்மி. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டிலும் டம்மி.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பில் போடுகிறேன். போன வருடம் அங்கே புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது பழையதில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி, பழைய வீடியோ கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கு எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் உண்டு என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கம்ப்யூட்டரை அந்தக் காலத்துப் பெட்டி மாதிரி நடிக்க வைக்குமாம். அண்ணன் சென்னையிலிருந்து தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு மாதம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

எமுலேட்டரை ஏற்றினேன். அந்தச் சண்டை விளையாட்டின் ஃபைலைத் தேடிப் பிடித்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். திறந்தால் பட்டியல் காலியாக இருந்தது. ஃபைல் அங்கேதான் கிடக்கிறது, என் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை. நானே ஃபோல்டரைக் காட்டிக் கொடுத்தால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது. என் வீட்டில், என் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது. எனக்குச் சுருக்கென்று இருந்தது.

நாலு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. நான் ஃபைலைப் போட்டது ஆபீஸ் காலத்துப் பழைய ஃபோல்டர். அதற்கு உரிமைக்காரர் இன்னும் எங்கள் பழைய மேனேஜர்தான். அவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது, அவர் பெயர் மட்டும் கம்ப்யூட்டரில் அதிகாரம் செய்துகொண்டிருந்தது. அதன் அமைப்புக்குள் போய் உரிமைக்காரர் இடத்தில் என் பெயரை அடித்தேன். பட்டியலில் விளையாட்டு வந்துவிட்டது. ஆனால் பாதியில் சேமித்து வைத்தால் மறுநாள் காணோம். எமுலேட்டரைச் சிஸ்டம் புரோகிராம்கள் இருக்கிற இடத்திலேயே வைத்திருந்தேன், அங்கே அது எதையும் எழுதக் கூடாதாம். மொத்தத்தையும் டி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். பிறகு சேமித்தது சேமித்தபடி நின்றது.

அடுத்தது ஜாய்ஸ்டிக். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பிடித்து என் வீட்டுக்காரர் சிவப்பை ஆட்டினார், இன்னொன்றைப் பிடித்து நான் பச்சையை ஆட்டினேன். நன்றாகத்தான் ஆடினேன். குத்தினேன், குதித்தேன். ஐந்து நிமிடம் கழித்து மூக்கைச் சொறியக் கையை எடுத்தேன். பச்சை அவன் பாட்டுக்குக் குதித்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் ஒரே பெயர் என்பதால் எமுலேட்டர் முதலில் சொருகியதை மட்டுமே எண்ணியிருக்கிறது. இரண்டாவது ஆளே இல்லை என்று பச்சையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. முப்பத்தைந்து வயதை நெருங்குகிற நேரத்தில் நான் மறுபடியும் வெறும் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் எழுந்து போய்க் கொல்லையில் நின்றேன். அழவில்லை. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு, மற்றதை முதல் ஆளுக்கு என்று பொத்தான் பொத்தானாகப் பதித்தேன். பிறகு அடுத்ததைச் சொருகி இரண்டாவது ஆளுக்குத் தனியாகப் பதித்தேன். எது எந்த ஓட்டையில் என்று சாந்துப் பொட்டால் அடையாளம் வைத்தேன், மாற்றிச் சொருகினால் ஆள் மாறிவிடும். ஒன்றில் குச்சியைத் தொடாமலே சிவப்பு இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். லேசான அசைவைக் கண்டுகொள்ளாதே என்று அதற்கும் ஒரு அளவு வைக்க முடிந்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் ஆடினேன். அண்ணன் எப்படி ஆடுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் குதிப்பான், இறங்கும்போது உதைப்பான். குதித்து இறங்குகிறவனை எப்படிக் கீழேயிருந்து அடிப்பது என்பதை மட்டும் மூன்று வாரம் பழகினேன்.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் அண்ணனும் மதினியும் சாப்பிட வந்தார்கள். காலையில் பசுவந்தனைக்குப் போய் எங்கள் நிலத்தைப் பார்த்திருக்கிறான், செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணை வாசலில் வழித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். அம்மாவும் மாமனாரும் இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோசம். டம்மி இன்னைக்காவது வயரை மாட்டியிருக்காளா என்று மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவன் ஜாய்ஸ்டிக்கை வேலை செய்யாமல் ஆக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. அப்படி ஒரு அமைப்பைத் தயார் செய்து சேமித்தும் வைத்திருந்தேன். அன்று காலையில்தான் அழித்தேன். நல்ல மனசால் இல்லை. தோற்றபின் அவனுக்குச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்துவிடக் கூடாது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் அவன் தோற்க வேண்டும். அதனால் முதலில் சோதனைத் திரையைத் திறந்து, அவனை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கச் சொன்னேன். அமுக்க அமுக்க விளக்கு எரிந்தது.

"எல்லாம் வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"செய்யுது, செய்யுது. ஆரம்பி."

முதல் ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. அவன் குதித்தான், இறங்கும்போது அடித்தேன். மறுபடி குதித்தான், மறுபடி அடித்தேன். மூன்றாவது ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக் சரியில்லை என்றான். என்னுடையதைக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கினேன். ஆளும் மாறியது, சிவப்பு எனக்கு வந்தான். அதிலும் அடித்தேன். நாற்காலி உயரம் என்றான். மாற்றிக் கொடுத்தேன். ஏழாவது ஆட்டத்தில் மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு இந்தத் தடவை அவன் பக்கம் பார்த்து வந்தது. மதினியும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் காது சிவந்துவிட்டது. போதும் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினோரு ஆட்டம் ஆடினோம்.

ஜாய்ஸ்டிக்கை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "ஏட்டி, அதயா இன்னும் மனசுல வச்சிருக்க?"

"ஆமா."

"சின்னப் பிள்ளையில விளையாட்டுக்குச் செஞ்சது."

"பந்தியில இவியகிட்டச் சொன்னியே, அப்ப உனக்கு இருபத்தெட்டு வயசு."

மாமனார் எழுந்து கை கழுவப் போனார், அவர் கை கழுவி வெகுநேரம் ஆகியிருந்தது. மதினி தட்டுகளை அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு கூட்டாளியைப் பார்க்கப் போய்விட்டான். ஊருக்குக் கிளம்பும்போது எல்லாரிடமும் போயிட்டு வாரேன் என்றான், என்னிடம் சொல்லவில்லை.

கூடப் பிறந்தவன் மூஞ்சியை நாலு பேர் முன்னால் சுண்ட வைத்து என்னத்தைக் கண்டாய் என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள். ஆனால் அவன் தோற்ற அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வருத்தம் வந்திருக்க வேண்டும் என்றால், வரவில்லை.

பத்து நாள் கழித்து மதினி போன் செய்தாள். அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் லேப்டாப்பில் அதே சண்டை விளையாட்டோடு உட்கார்ந்துகொள்கிறானாம், சட்டையைக் கூட மாற்றுவதில்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அன்று சாயங்காலமே ஃபோல்டரில் வேறொரு விளையாட்டை ஏற்றினேன். அது அவன் ஒரு நாளும் ஆடாதது.