கப்பலில் வந்த பிண்ணாக்கு

போன வாரம் சுபாங் ஜெயாவில் மகள் என்னைப் பூச்செடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். ரோஜாவுக்கு உரமாம், தேங்காய்ப் பிண்ணாக்கை எடுத்து முகர்ந்து மூக்கைச் சுளித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மணி வளர்ந்ததே அதில்தான்.

ஐம்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் எனக்கு வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு. தாய்ப்பால் வற்றிப்போய், ஆறு மாதப் பாப்பா செவலையை நம்பித்தான் இருந்தாள். தண்டவாளத்தோரம் லாலான் புல் இடுப்புயரம் நிற்கும். மழை நாட்டில் புல்லுக்கென்ன குறை என்று செவலையை அவிழ்த்துவிட்டேன். வயிறு பானையானது, பால் சுருங்கியது.

"முத்தின லாலானும் கோரைப்பாயும் ஒண்ணுதாண்ணே. பிண்ணாக்கு வைங்க. கிள்ளான் ரோட்டு ஆலையில தேங்காய்ப் பிண்ணாக்கு புதுசாக் கெடைக்குது" என்றார் பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மாணிக்கம்.

தேங்காயா? தேங்காய் குளிர்ச்சி, பாலில் இறங்கிப் பாப்பாவுக்குச் சளி கட்டும். இது என் வைத்தியம். யாரும் சொல்லித்தந்ததில்லை, ஆனால் சத்தியமே செய்வேன். துறைமுகத்துக்குப் போய், ஊரிலிருந்து கப்பலில் வந்த கடலைப் பிண்ணாக்கு ஒரு மூட்டை வாங்கி ரயிலில் போட்டுக் கொண்டுவந்தேன். ஈரம் பட்டு உள்ளே பச்சைப் பூசணம். தட்டிவிட்டு ஊறவைத்தேன். செவலை முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"பழகிக்கும்" என்றேன்.

"அது பழகுறவரைக்கும் பாப்பாவுக்கு என்னத்தக் குடுக்கிறது?" என்றாள் என் மனைவி பாக்கியம். அன்று கறந்தது ஒரே டம்ளர்.

இரண்டே நாளில் தொட்டி துடைத்ததுபோல் காலி. பத்தாம் நாள் செம்பு நிறையப் பால். பாப்பா குடித்து ஏப்பம் விட்டுத் தூங்கினாள். மாணிக்கத்தை நிறுத்திவைத்துக் கப்பல் சரக்கின் மகிமையை அளந்தேன். மனிதர் தன் மாட்டின் கொம்பையே பார்த்தபடி தலையாட்டினார்.

உள்ளிருந்து பாக்கியம், "அந்த மகிமை விறகு மூலையில மூட்டையோட கெடக்கு. பத்து நாளா செவலை தின்னது அண்ணன் வண்டியில வந்த தேங்காய்ப் பிண்ணாக்கு" என்றாள்.

ஓடிப்போய்ப் பாப்பாவின் மார்பில் காதை வைத்தேன். சளிச் சத்தமே இல்லை. மானம் போனால் போகட்டும் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு பெருமூச்சு அதற்கப்புறம் நான் விட்டதில்லை.

இப்போது லாலான் நின்ற இடத்தில் மேம்பாலத் தூண்கள். ஆலையும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. கடையில் பழைய பழக்கத்தில், "தேங்காய்ப் பிண்ணாக்கு குளிர்ச்சிம்மா, ரோஜாவுக்கு ஆகாது" என்றேன். மகள் "சரிப்பா" என்று வைத்துவிட்டு வேறு உரத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் அதை மாற்றி வைக்க இப்போது பாக்கியம் இல்லை.