எனக்குச் சொல்லப்படாத என் ரத்த அழுத்தம்

புடவைக் கொசுவம் விரலில் நிற்கவில்லை. மடிக்க மடிக்க வலது கையிலிருந்து நழுவியது. மருமகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் சொல் குழறியது.

எனக்கு ரத்த அழுத்தம் என்பது அதற்கு முந்தைய வருடமே தெரிந்துவிட்டது. தெரிந்தது என் மகன் முரளிக்கு. தலைவலி என்று எங்கள் பேட்டையான ஹப்சிகுடாவில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அவனிடம் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். நான் ஐந்தாவதோடு நின்றவள். குறுக்கே கேட்கக் கூச்சம். வெளியே வந்ததும் முரளி சொன்னது இவ்வளவுதான்:

"ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் பி.பி. மாத்திரை போட்டுக்கோ. டென்ஷன் ஆகாதே."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை. பேத்திக்கு வரன் வந்த பேச்சுகூட அடுத்த அறையில்தான் நடந்தது. என்ன என்று கேட்டால், "டென்ஷன் நக்கோ, டென்ஷன் வேண்டாம் பாட்டி!" என்று அவளே சிரிப்பாள்.

கோபக்காரர்களுக்கு வருகிற நோய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானோ குரல் உயர்த்தியே பழகாதவள். தலைவலி நின்றது. நோயும் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தினேன்.

கொசுவம் நழுவிய அன்று, பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, லேசான பக்கவாதம் (மூளைக்குப் போகிற ரத்தம் ஓரிடத்தில் அடைபடுவது) என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. அவரும் முரளியைப் பார்த்துத்தான் கேட்டார், தெலுங்கில்:

"மாத்திரையை ஏன் நிறுத்தினாங்க?"

"அவங்களுக்கு மறதி, மேடம்."

மறதியா? நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். தெலுங்கு எனக்கும் வரும். குழறலோடு நானே சொன்னேன்: "மறக்கலம்மா. வலி நின்னுச்சு, நிறுத்தினேன். நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"கத்தாதேம்மா, பி.பி. ஏறும்."

"ஏறட்டும்டா. நான் வாயே திறக்காம இருந்தப்பவும் ஏறித்தானே கிடந்துச்சு!"

டாக்டரம்மா ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது வலிக்காதும்மா. நல்லா இருக்கோம்னு தோணுற நாள்லயும் உள்ளே ஏறியே இருக்கும். மாத்திரை போடுறதாலதான் அடங்கி இருக்கும். எங்களைக் கேக்காம நிறுத்தாதீங்க."

அவ்வளவுதான். நர்ஸ் ஊசியை எடுத்து வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இந்த நாலு வார்த்தையை முதலிலேயே என் முகம் பார்த்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

முரளி கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தவன். ஆனால் நோயைப் பற்றிய பேச்சையெல்லாம் தான் வைத்துக்கொண்டு, பேசாமல் இருக்கிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் என்னைப் போலக் கூச்சம் என்றால், ஒன்று செய்யுங்கள். டாக்டர் உங்கள் பக்கம் திரும்பிப் பேசும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

கைக்குப் பாதிக்கு மேல் பலம் திரும்பிவிட்டது. காலையில் உடம்பு, நன்றாக இருக்கிறேன் என்கிறது. அதன் பேச்சை நம்பாமல் மாத்திரையைப் போடுகிறேன். கொசுவம் மடிக்கத்தான் வெகுநேரம் ஆகிறது.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். வாசலிலிருந்து முரளி கத்துகிறான்.

"பஸ் போயிடும்மா!"

"போகட்டும். அடுத்தது வரும்."

வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறான். பிறகு கேட்கிறான், "டாக்டர்கிட்ட நானும் உள்ளே வரலாமா?"

"வா. பின்னாடி உக்காரு."